ஆளைப் பார்க்கிறோம், வேலையைப் பார்க்கிறோமா?

(பதுளையில் உத்தியோகத்தர்களும் வர்த்தகர்களும் விவசாயிகளும் கூடியிருந்த கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவு)

வெலிமடையிலிருந்தும் ஊவா பரணகமையிலிருந்தும் காய்கறி லொறியிலேயே ஏறி வந்திருக்கும் உழவர் பெருமக்களே!

வேலைக்கு ஆள் எடுப்பது எப்படி என்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். வேலை கிடைக்காத துயரத்தைப் பற்றி நாம் பலமுறை பேசியிருக்கிறோம். வேலை தராதவர்களைக் கண்டித்துத் தீர்மானங்களும் நிறைவேற்றியிருக்கிறோம். இன்று நான் பேச விரும்புவது வேலை கொடுக்கும் நம்மைப் பற்றி. ஆம், நம்மைப் பற்றித்தான்! இங்கே அமர்ந்திருப்போரில் கடை வைத்திருப்பவர் உண்டு. கூட்டுறவுச் சங்கத்தின் நிருவாக சபையில் இருப்பவர் உண்டு. பாடசாலை அதிபர் உண்டு. தோட்டத்துக் காரியாலயத்தில் பெரிய கிளாக்கராக இருப்பவர் உண்டு. உருளைக்கிழங்கு அகழும் நாட்களில் இருபது பேரை வேலைக்கு அழைக்கும் விவசாயி உண்டு. ஒருவரை ‘வா’ என்றும் மற்றொருவரைப் ‘போய் வா’ என்றும் சொல்லும் அதிகாரம், சிறிதோ பெரிதோ, நம் கைக்கும் வந்துவிட்டது. அந்த அதிகாரத்தை நாம் எப்படிச் செலுத்துகிறோம்?

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். பிறர் குறை பேச வருகிறவன் தன் மடியில் இருப்பதை அவிழ்த்துக் காட்டிவிட்டுப் பேசுவதுதான் முறை.

பல ஆண்டுகளுக்கு முன் இந்த மாகாணத்தில் ஒரு சங்கம், பெயர் வேண்டாம், தன் பண்டகசாலைக்குக் கணக்கு எழுத ஓர் இலிகிதரைத் தேடியது. தேர்வுச் சபையில் நால்வர். அவர்களுள் ஒருவன் நான். பதினொருவர் நேர்முகப் பரீட்சைக்கு வந்தனர். மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு பெண் இரண்டு பஸ் மாறி வந்து காலை ஏழு மணி முதல் வாசலில் காத்திருந்தாள். அவளை உள்ளே அழைத்தபோது பகல் ஒரு மணி. எந்தத் தோட்டம் என்று கேட்டோம். எத்தனை சகோதரர் என்று கேட்டோம். “அப்பா என்ன செய்கிறார்?” என்று கேட்டவன் நான்தான். “கவ்வாத்து வெட்டுகிறார், ஐயா” என்றாள். நிலத்தைப் பார்த்தே பேசினாள். ஐந்து நிமிடங்களில் அனுப்பிவிட்டோம். அடுத்து வந்த இளைஞர் எங்களில் ஒருவருக்குத் தெரிந்த குடும்பத்துப் பிள்ளை. நிமிர்ந்து உட்கார்ந்தார், ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை பேசினார், கிரிக்கெட் பற்றிப் பேசிச் சிரித்தோம், கால் மணி நேரம் போனதே தெரியவில்லை. அவருடைய பெயருக்கு எதிரே நான் எழுதியது ‘கெட்டிக்காரன்’. அந்தப் பெண்ணின் பெயருக்கு எதிரே எழுதியது ‘கூச்சம்’. அவ்வளவுதான் எங்கள் பரீட்சை!

அந்த இளைஞர் எப்படி வேலை பார்த்தார் என்று கேட்பீர்கள். மோசமில்லை. காலம் தள்ளினார், மூன்று ஆண்டுகளில் கொழும்புக்குப் போய்விட்டார். அந்தப் பெண் அவரைவிடச் சிறப்பாகச் செய்திருப்பாள் என்று நான் சொல்ல வரவில்லை. சொல்ல எனக்கு ஆதாரம் ஏது? கணக்கு எழுத ஆள் எடுத்த நாங்கள் ஒரு கூட்டல் கணக்கைக்கூடக் கொடுத்துப் பார்க்கவில்லையே! தள்ளிவிட்ட ஆளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆகையால் நம் தெரிவு தவறு என்று காட்டுவாரும் இல்லை. எடுத்தவர் எப்படியோ ஒப்பேற்றிவிட்டால், ‘பார்த்தீர்களா, என் கண் தப்பாது’ என்று மீசையை முறுக்கிக்கொள்கிறோம்.

கங்காணியும் துண்டும்

இந்த மலைநாட்டில் ஆள் எடுத்த கதை நமக்குப் புதிதன்று. நாம் எல்லோரும் அந்தக் கதையின் வழி வந்தவர்களே. கோப்பிக் காலத்தில் நம் முன்னோர் பருவத்துக்கு வந்து பருவம் முடிந்ததும் திரும்பினர். 1869 இல் இதே மடுல்சீமைப் பக்கத்தில்தான் கோப்பி இலைநோய் முதன்முதலில் கண்டறியப்பட்டது. கோப்பி மடிந்து தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுதும் ஆள் வேண்டும், கொழுந்து காத்திருக்காது. அன்று தொட்டு ஆள் பிடிப்பது ஒரு தொழிலாயிற்று.

துரைக்குத் தமிழ்நாட்டுக் கிராமம் தெரியாது. கங்காணிக்குத் தெரியும். தோட்டம் கங்காணியிடம் முற்பணம் கொடுத்தது. கங்காணி தன் ஊரிலும் உறவிலும் சாதியிலும் ஆள் திரட்டினான். வழிச்செலவும் அரிசியும் கம்பளியும் அந்த ஆட்களின் பெயரில் கடனாக ஏறின. வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் நாள்தோறும் இத்தனை சதம் என்று கங்காணிக்குத் தனிக்காசு கிடைத்தது. ஆகவே அவன் பார்த்தது தலையின் எண்ணிக்கையை; அந்தத் தலைக்குள் என்ன இருந்தது என்று பார்க்க அவனுக்கு என்ன தேவை? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தவர்களின் கழுத்தில் ஒரு தகரச் சீட்டுத் தொங்கியது. அதில் மாவட்டத்துக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் எண், ஆளுக்கு ஓர் எண். பெயர் இல்லை!

ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குப் போக விரும்பினால் வேண்டியது ‘துண்டு’. இன்ன தொகைக் கடனைச் செலுத்தினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுத்த காகிதத் துண்டு அது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கங்காணி தோட்டம் தோட்டமாக விலை பேசினான். அதிகம் கொடுத்த தோட்டத்துக்கு ஆட்கள் போயினர். கொடுத்த தொகை மீண்டும் அவர்கள் தலையிலேயே கடனாக விழுந்தது. ஓர் ஆளின் திறமை அந்தத் துண்டில் இல்லை. அவன் படவேண்டிய கடன் மட்டுமே இருந்தது. 1921 இல் சட்டம் இயற்றித் துண்டு முறையை ஒழித்தார்கள். 1939 இல் இந்திய அரசாங்கம் தொழிலாளர் இங்கு வருவதைத் தடுத்தது.

கங்காணியை வைது இந்த அத்தியாயத்தை முடித்துவிடுவது எளிது. அதனை நான் விரும்பவில்லை. தான் அழைத்து வந்தவனின் குடும்பம் அவனுக்குத் தெரியும், நோய் தெரியும், உழைப்பாளியா சோம்பேறியா என்பதும் தெரியும். தெரிந்தவர் ஒருவரைச் சொல்லி அனுப்புவதில் உண்மையான பயன் உண்டு. கேடு எங்கே வந்தது? சொல்பவனின் இலாபமும் வருபவனின் நன்மையும் வேறு வேறாயிருந்த இடத்தில் வந்தது. அவன் அறிந்த வட்டத்துக்கு வெளியே இருந்தவனுக்குக் கதவே இல்லாதுபோன இடத்தில் வந்தது.

சிபாரிசு என்னும் புதுத் துண்டு

1854 ஆம் ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டில்தான் கண்டியில் தோட்டத்துரைமாரின் சங்கம் அமைந்தது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் ஓர் அறிக்கை வெளியாயிற்று. அரசாங்க உத்தியோகத்தைப் பிரபுக்களின் சிபாரிசுக்குக் கொடுப்பதை நிறுத்துங்கள், பகிரங்கப் போட்டிப் பரீட்சை வையுங்கள் என்று அது கூறிற்று. எழுதியவர்கள் நோர்த்கோட், டிரெவெலியன் என்னும் இருவர். அந்த டிரெவெலியன்தான் 1859 இல் சென்னை மாகாணக் கவர்னராக வந்தவர். அதாவது நம் பாட்டன்மார் புறப்பட்ட மாகாணத்துக்கே கவர்னர்! (அயர்லாந்துப் பஞ்ச காலத்தில் அவர் நடந்துகொண்ட விதத்தை ஐரிஷ் மக்கள் இன்றும் மறக்கவில்லை, அது வேறு கதை.) தம் நாட்டுக் காரியாலயத்துக்குப் பரீட்சை; நம் நாட்டுத் தோட்டத்துக்குக் கங்காணி. ஒரே காலத்தில் இரண்டு நீதிகள்.

சுதந்திரம் வந்ததும் மாறியதா? 1947 ஆம் ஆண்டு அரசியலமைப்பு பொதுச்சேவை ஆணைக்குழுவை அமைத்தது. ஆனால் 1948 இல் நம்மில் பெரும்பாலோரின் பிரஜாவுரிமை பறிபோயிற்று. அரசாங்க உத்தியோகத்தின் வாசல் நமக்கு வெளியிலிருந்தே சாத்தப்பட்டது. எஞ்சியோருக்கும் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இல்தான் வந்தது. இடையில் நாட்டுக்கே வேறொரு நோய் பிடித்தது. 1972 ஆம் ஆண்டு அரசியலமைப்பு நியமன அதிகாரத்தை மந்திரி சபையிடம் கொடுத்தது. 1977 க்குப் பின் ‘வேலை வங்கி’ என்ற பெயரில் விண்ணப்பப் பத்திரங்களே பாராளுமன்ற உறுப்பினர்களின் கை வழியாக மக்களுக்குப் போயின. இளைஞர்களின் மனக்கொதிப்புக்குக் காரணம் ஆராய அமைந்த ஜனாதிபதி ஆணைக்குழு 1990 இல் தந்த அறிக்கையில், அரசியல் சிபாரிசால் தகுதி மிதிபட்டதை ஒரு பெருங்காரணமாகக் காட்டிற்று. சிங்கள இளைஞர், தமிழ் இளைஞர் என்ற வேறுபாடின்றி இரு சாராரும் சொன்ன முறையீடு அது. 2001 இல் பதினேழாவது திருத்தம் ஆணைக்குழுவின் சுதந்திரத்தை மீட்டது. அதன் பின்னரும் ஒரு திருத்தம் பறிக்கும். மறு திருத்தம் திருப்பிக் கொடுக்கும். அந்தக் கண்ணாமூச்சி விளையாட்டை நீங்கள் அறிவீர்கள்.

கங்காணி கையில் இருந்தது துண்டு. அரசியல்வாதி கையில் இருந்தது சிபாரிசுக் கடிதம். நம் கையில் இருப்பது என்ன? ‘நம்ம பையன்தான், பார்த்துச் செய்யுங்கள்’ என்று வரும் தொலைபேசி அழைப்பு!

அறிஞர் கண்டது

இனி, ஆராய்ச்சியாளர் சொல்வதைக் கேட்போம். நேர்முகத்தில் ஆளைப் பார்த்தே எடை போட்டுவிடலாம் என்ற நம்பிக்கை எவ்வளவு உறுதியானது?

தள்ளிவிட்டவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்றேன். ஒருமுறை, தற்செயலாக, பார்க்க நேர்ந்தது. 1979 இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி, எண்ணூறு பேரை நேர்முகம் கண்டு நூற்றைம்பது மாணவரைச் சேர்த்தது. எல்லாம் முடிந்தபின் மாநிலச் சட்டசபை, இன்னும் ஐம்பது பேரைச் சேர்த்தாகவேண்டும் என்றது. நல்ல இடத்தில் இருந்தவர்கள் அதற்குள் வேறு பள்ளிகளுக்குப் போய்விட்டனர். ஆகவே நேர்முகத்தில் கடைசி வரிசையில் தள்ளப்பட்டவர்களிலிருந்து ஐம்பது பேரை எடுத்தார்கள். பின்னர் என்ன நடந்தது? படிப்பிலும் சரி, நோயாளிகளிடையே செய்த பயிற்சியிலும் சரி, முதலில் எடுத்த நூற்றைம்பது பேருக்கும் கடைசியில் எடுத்த ஐம்பது பேருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 1987 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் இதனை வெளியிட்டார்கள். சட்டசபை அந்த உத்தரவைப் போடாதிருந்தால், அந்த ஐம்பது பேரும் தகுதியற்றவர்கள் என்றே அந்தப் பேராசிரியர்கள் சாகும்வரை நம்பியிருப்பார்கள்!

நேர்முகம் காண்பவர் தம்மையே எதிரிலிருப்பவரிடம் காண்கிறார் என்பதற்கும் ஒரு பழைய சான்று உண்டு. நியூயோர்க் நகரில் வீடற்ற வறியவர் இரண்டாயிரம் பேரைப் பன்னிருவர் தனித்தனியே விசாரித்தனர். ஸ்டூவர்ட் ரைஸ் என்பவர் அந்தக் குறிப்புகளை ஆராய்ந்து 1929 இல் எழுதினார். விசாரித்தவர்களுள் ஒருவர் மதுவிலக்குப் பற்றுள்ளவர். அவரிடம் வந்தவர்களின் வறுமைக்குக் காரணம் பெரும்பாலும் குடி! மற்றொருவர் சோஷலிஸ்ட்; அவரிடம் வந்தவர்களின் வறுமைக்குக் காரணம் கைத்தொழில் நிலைமை! அதைவிட வியப்பு, கேட்கப்பட்ட வறியவர்களே தத்தம் விசாரணையாளரின் போக்கில் விடை சொல்லியிருந்தனர்.

2013 இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி சிரிப்பூட்டும். மாணவர் சிலரை நேர்முகம் கண்டு அவர்கள் பரீட்சையில் எப்படிச் செய்வார்கள் என்று முன்கூட்டிச் சொல்லச் செய்தார்கள். சில மாணவர்களிடம் மட்டும், ‘ஆம், இல்லை’ என்ற விடைகளை உண்மையைப் பாராமல் ஒரு விதிப்படி தாறுமாறாகச் சொல்லுமாறு இரகசியமாகக் கூறியிருந்தனர். நேர்முகம் கண்டவர்கள் அதைக் கண்டுபிடிக்கவில்லை. அந்தத் தாறுமாறான விடைகளைக் கேட்டும், ‘ஆளை நன்றாகப் புரிந்துகொண்டேன்’ என்றே சொன்னார்கள். பழைய மதிப்பெண்களை மட்டும் பார்த்துச் சொல்லியிருந்தால் அவர்களுடைய கணிப்பு இன்னும் சரியாக அமைந்திருக்கும். நேர்முகம் அதைக் கெடுத்தது. கால் மணி நேரம் கிரிக்கெட் பேசி ‘கெட்டிக்காரன்’ என்று எழுதிய என் பேனாவை நினைத்துக்கொள்கிறேன்.

அப்படியானால் எதை நம்புவது? 1998 இல் ஷ்மிட், ஹன்டர் என்னும் இருவர் எண்பத்தைந்து ஆண்டு ஆராய்ச்சிகளைத் திரட்டிக் கணக்கிட்டார்கள். 2022 இல் சாக்கெட் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் அந்தக் கணக்கைத் திருத்தினார்கள். ஒரு முறையைக் கொண்டு நாம் போடும் மதிப்பும், அந்த ஆள் பின்னர் செய்யும் வேலையும் அச்சொட்டாக ஒத்தால் 1 என்றும், சற்றும் தொடர்பில்லையேல் 0 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். திருத்திய கணக்கின்படி, வாயில் வந்ததைக் கேட்கும் நேர்முகத்துக்கு 0.19. எல்லோரிடமும் ஒரே வினாக்களைக் கேட்டு ஒரே அளவுகோலால் மதிப்பிடும் நேர்முகத்துக்கு 0.42. தொழிலறிவுச் சோதனைக்கு 0.40. வேலையில் ஒரு பகுதியைச் செய்து காட்டச் சொல்வதற்கு 0.33. எத்தனை ஆண்டு அனுபவம் என்ற எண்ணுக்கு 0.07. கையெழுத்தைப் பார்த்துக் குணம் சொல்லும் வித்தைக்கு முந்திய கணக்கில் 0.02 தான் இருந்தது. சாதகம் பார்த்து ஆள் எடுப்பவர்கள் கவனிக்கவும்!

எந்த முறையும் 1 ஐ நெருங்கவில்லை என்பதையும் பாருங்கள். மனிதனை முழுதாக அளக்கும் தராசு இல்லை. ஆனால் 0.19 தரும் தராசு கையில் இருக்கையில், சல்லிக்காசு செலவின்றி 0.42 தரும் தராசு பக்கத்தில் கிடக்கிறது. எடுத்துக்கொள்ள நமக்கு என்ன தடை?

முதல் தடை, நம் கர்வம். 1955 இல் இஸ்ரேலிய இராணுவத்தில் கானமன் என்ற இருபத்தொரு வயது இளைஞருக்கு, சேர வருவோரை நேர்முகம் காணும் முறையைச் சீர்ப்படுத்தும் பொறுப்புக் கிடைத்தது. ஆறு குணங்களை வகுத்தார். ஒவ்வொன்றுக்கும் நடந்த செய்தியை மட்டும் கேட்கும் வினாக்களை எழுதினார். ஒன்றுக்கு மதிப்பெண் போட்டு முடித்த பின்னரே அடுத்ததற்குப் போகவேண்டும் என்றார். நேர்முகம் காண்பவர்கள் கொதித்தெழுந்தனர். ‘எங்களை இயந்திரமாக்குகிறாய்’ என்றனர். சரி, ஆறையும் ஒழுங்காக முடித்தபின் கண்ணை மூடி உங்கள் மனத்துக்குத் தோன்றுவதையும் ஒரு மதிப்பெண்ணாகப் போடுங்கள் என்றார். புதிய முறை பழையதைவிட நன்றாகப் பயன் தந்தது. கண்ணை மூடிப் போட்ட அந்த மதிப்பெண்ணும் நன்றாகவே இருந்தது. ஆறு படியும் ஏறிய பின் மூடிய கண் அல்லவா! அந்த இளைஞர்தான் பின்னாளில், 2002 இல், பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர்.

பெயரும் விலாசமும்

இரண்டாவது தடை, சொல்லக் கூச்சமாயிருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். நாம் வேலையாளைத் தேடவில்லை, நம்மவரைத் தேடுகிறோம்.

இந்தியாவில் சுகதேவ் தோரட், போல் அட்டவெல் என்னும் இருவர் பத்திரிகை விளம்பரங்களுக்கு விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்தார்கள். படிப்பும் தகுதியும் ஒன்றே. பெயர் மட்டும் வேறு. உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டபோது, அழைப்புக் கிடைக்கும் வாய்ப்பு வீதம் தலித் பெயருக்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. 2007 இல் வெளிவந்த ஆராய்ச்சி இது. பழைய கிராமத்துப் பண்ணையாரிடம் அல்ல, நகரத்துத் தனியார் நிறுவனங்களிடம் கண்டது.

ஆபிரிக்காவில் மலாவி நாட்டிலே வேறொரு சோதனை. 2018 இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். வேலைக்கு வந்தவர்களிடம், ‘உங்களுக்குத் தெரிந்த தகுதியான ஒருவரை அனுப்புங்கள்’ என்றார்கள். ஆண்கள் பெரும்பாலும் ஆண்களையே அனுப்பினார்கள். தகுதியான பெண்களைத் தெரிந்திருந்தும் அனுப்பவில்லை. யாரும் யாரையும் வெறுக்கவில்லை. ‘தெரிந்தவரைச் சொல்’ என்ற முறையே பெண்ணை வாசலில் நிறுத்திவிட்டது. நம் தோட்டங்களைப் பாருங்கள். கொழுந்து எடுப்போரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் பின்னால் நின்று விரட்டும் கங்காணி பெரும்பாலும் ஆண்!

நம் ஊரில் பெயரைவிட விலாசம் அதிகம் காட்டிக்கொடுக்கிறது. ‘இன்ன தோட்டம், மேற்பிரிவு’ என்று எழுதியிருந்தால் போதும், படிப்பவர் கண்ணில் லயம் தெரிந்துவிடுகிறது. அது மட்டுமா? லயத்து வீட்டுக்கு இலக்கம் இல்லாத நிலையில் கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வரும், அங்கே கிடக்கும், யாராவது கொண்டு கொடுத்தால் உண்டு. நேர்முகப் பரீட்சைக்கு மறுநாள் அழைப்புக் கடிதத்தைக் கையில் ஏந்திக்கொண்டு, வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்த ஒரு பையனை நான் கண்டிருக்கிறேன். கடிதத்தில் முத்திரை விழுந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. ‘நேற்றே முடிந்துவிட்டது, தம்பி’ என்றோம். அவன் ஒன்றும் பேசவில்லை. இந்தப் பதுளையிலேயே 2005 இல் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் எழுந்தது. நம் பிள்ளைகள் பட்டம் பெறும் காலம் வந்துவிட்டது. பட்டம் பெற்றவனின் கடிதமும் அதே மேசையில் கிடந்தால் யாரிடம் போய் முறையிடுவது?

நம் மூதாதையர் இதைப் பற்றிச் சிந்திக்காதவர்கள் அல்லர். வள்ளுவர் பொருட்பாலில் தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என இரண்டு அதிகாரங்களை இதற்கென்றே வைத்தார். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில், உத்தரமேரூர்ச் சபையார் தம் வாரியங்களுக்கு ஆள் தெரியும் விதியைக் கல்லிலேயே வெட்டி வைத்தனர். கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்லை. அவனுடைய உறவினருக்கும் இடமில்லை. தகுதியுடையோர் பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். அந்த ஓலையை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்கவேண்டும் என்றுகூட எழுதினர். மறைத்து மாற்றிவிடக் கூடாதல்லவா! நிலமும் வேதப்படிப்பும் உள்ளவர்க்கே அந்தக் குடம் திறந்திருந்தது; உழுதவனுக்கும் பெண்ணுக்கும் திறக்கவில்லை. அந்தக் குறையை மறைக்கவேண்டாம். ஆயினும் விதியை முன்கூட்டியே எழுதி எல்லோரும் பார்க்க வைத்தார்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழித்து, நம் சங்கங்களில் எத்தனைக்கு அப்படி எழுதிய விதி உண்டு?

‘சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய்?’ என்று பின்வரிசையில் ஒரு பெரியவர் கேட்பது காதில் விழுகிறது. ஐயா, நீங்கள் விதைக்கிழங்கு வாங்குகிறீர்கள். வியாபாரியின் மீசையைப் பார்த்தா வாங்குகிறீர்கள்? மூட்டையைக் கொட்டிப் பார்க்கிறீர்கள், இரண்டை வெட்டிப் பார்க்கிறீர்கள், முளையைப் பார்க்கிறீர்கள். விதைநெல்லை உப்புத் தண்ணீரில் போட்டு, மிதப்பதைத் தள்ளி அமிழ்வதை எடுக்கிறோம். நெல்லுக்குக் காட்டும் நீதியை மனிதனுக்கும் காட்டுவோம்.

கணக்கு எழுத ஆள் வேண்டுமானால், பிழையுள்ள ஒரு பேரேட்டைக் கொடுத்துப் பிழை கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். சாரதி வேண்டுமானால், பசறை வீதியின் வளைவுகளில் வண்டியை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஆசிரியர் வேண்டுமானால், ஐந்தாம் வகுப்பில் இருபது நிமிடம் பாடம் நடத்தச் சொல்லிப் பின்னால் உட்கார்ந்து பாருங்கள். கடைக்குப் பையன் வேண்டுமானால், தராசைக் கொடுங்கள். ஆனால் சோதனை என்ற பெயரில் மூன்று நாள் சும்மா வேலை வாங்கிவிட்டு அனுப்பும் முதலாளியும் இந்த ஊரில் உண்டு. அது சோதனையன்று, கூலித் திருட்டு! அரை மணி நேரத்துக்கு மேல் நீண்டால் கூலி கொடுத்துவிடுங்கள்.

வினாக்களை முதல் நாளே எழுதி வையுங்கள். வருபவர் எல்லோருக்கும் அதே வினா, அதே வரிசை. சபையில் இருப்பவர் ஒவ்வொருவரும் தம் மதிப்பெண்ணைத் தனியே எழுதி மடித்து வைத்த பின்னரே பேச்சுத் தொடங்கவேண்டும். தலைவர் முதலில் வாய் திறந்துவிட்டால் மற்ற மூவரும் தலையாட்டுவோம் என்பது நமக்குத் தெரியாததா? அப்பாவின் தொழில் என்ன என்று கேட்காதீர்கள். எந்தக் கோயில் திருவிழாவுக்குப் போவீர்கள் என்று சுற்றி வளைத்துச் சாதி கேட்காதீர்கள். பெண்பிள்ளையிடம் கலியாணம் எப்போது என்று கேட்காதீர்கள்; பையனிடம் கேட்கிறோமா?

பதவி உயர்வுக்கும் இதே கண் வேண்டும். நன்றாகக் கொழுந்தெடுப்பவர் நன்றாக மேற்பார்வை செய்வார் என்பதற்கு உறுதியில்லை. 2019 இல் அமெரிக்க நிறுவனங்களின் விற்பனையாளரைப் பற்றி வெளிவந்த ஆராய்ச்சியில், விற்பனையில் முதல்வராயிருந்து மேலாளரானவர்கள் தம் கீழுள்ளோரின் விற்பனையை உயர்த்துவதில் பின்தங்கியது தெரிந்தது. ஒன்று கைவேலை, மற்றொன்று ஆளை நடத்தும் வேலை.

‘முன்பின் தெரியாதவனை எப்படிக் கல்லாப்பெட்டியில் உட்காரவைப்பது?’ என்று வர்த்தக நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான அச்சம். தெரிந்தவர் சொல்வதைக் கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சிபாரிசில் வந்தவனும் அதே வினாவுக்கு விடை சொல்லட்டும். அதே பேரேட்டில் பிழை தேடட்டும். அவன் உண்மையில் கெட்டிக்காரனானால் அவனுக்கு என்ன நட்டம்? இன்னொன்று: சொந்தக்காரன் பணத்தை எடுத்துவிட்டால் பொலிசுக்கும் போகமுடியாமல், வீட்டிலும் சொல்லமுடியாமல் தவித்த கடைக்காரர்களை நீங்களும் அறிவீர்கள், நானும் அறிவேன்.

வரும் மாதம் நான் சார்ந்த சங்கத்தில் பண்டகசாலைக்கு ஓர் இலிகிதர் தேவை. விளம்பரத்தைப் பத்திரிகையில் மட்டும் போடாமல் பெரட்டுக்களத்திலும் முச்சந்திக் கடையிலும் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். அழைப்பைக் கடிதத்தில் அனுப்புவதோடு தொலைபேசியிலும் சொல்லவேண்டும் என்று தீர்மானித்திருக்கிறோம். விண்ணப்பத்தில் படம் வேண்டியதில்லை. மதிப்பிடுவோர் கைக்குப் போகுமுன் பெயரும் விலாசமும் உள்ள மேற்பகுதியை மடித்து ஒட்டி, இலக்கம் ஒன்றை இடுவோம். மேசையில் ஐந்து பிழையுள்ள ஒரு பேரேடு, ஒரு தராசு, மூன்று மூட்டைக் கிழங்கு இருக்கும். மதிப்பெண் போடும் நால்வரில் ஒருவர் உழவராயிருக்கவேண்டும் என்பது என் விருப்பம். மூட்டையின் எடையில் ஏமாற்றப்பட்டவருக்குத்தான் பண்டகசாலைக் கணக்கின் அருமை தெரியும். வெலிமடையிலிருந்து வந்திருப்போரில் எவரேனும் அதற்கு இசைந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போகுமாறு வேண்டுகிறேன். லொறி புறப்பட நேரமாகிறது என்று சாரதி வாசலில் நின்று கை காட்டுகிறார்.